மராபார் குகையும் மயங்க வைத்தலும்

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துரைத்த நன்னூலார், ‘மயங்க வைத்தல்’ என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இதுவோ அதுவோ எனக் கற்போன் ஐயுறுமாறு எழுதுவது ஆசிரியனுக்கு அழகன்று என்பது அவர் கருத்து. இலக்கண நூலுக்கும் சட்ட நூலுக்கும் மருத்துவ நூலுக்கும் இவ்விதி முற்றிலும் பொருந்தும். மருந்தின் அளவைச் சொல்லுமிடத்தில் மயக்கம் இருந்தால் நோயாளி பிழைக்கமாட்டான். ஆனால், கதைக்கும் இவ்விதியை அப்படியே பொருத்தலாமா என்னும் வினா தமிழ் வகுப்பறைகளில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கதையின் முடிவு தெளிவாக இல்லையெனில் மாணவர் அதனைக் குறையென்றே எழுதுகின்றனர். ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் வழங்குகின்றார்.

இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு இ.எம். ஃபார்ஸ்டர் எழுதிய ‘எ பாஸேஜ் டு இந்தியா’ மிகவும் ஏற்ற நாவலாகும். 1924ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நாவல், இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி நிலவிய காலத்தில் ஓர் ஆங்கிலேயரால் எழுதப்பட்டது. ஃபார்ஸ்டர் 1912-13இல் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். அதன் பின்னர் எழுதத் தொடங்கியதை இடையிலே நிறுத்திவிட்டு, 1921இல் தேவாஸ் சமஸ்தான மன்னரின் தனிச் செயலாளராகச் சில மாதங்கள் பணியாற்றித் திரும்பிய பிறகே முடித்தார். அவ்விடைவெளியில்தான், 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அமிர்தசரசில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் தாக்கப்பட்ட தெருவின் வழியே செல்லும் இந்தியர், தரையில் ஊர்ந்தே செல்ல வேண்டும் என்று படைத்தலைவர் கட்டளையிட்டதும் அந்நாள்களிலேதான். ஒரு வெள்ளைப் பெண் தாக்கப்பட்டாள் என்னும் செய்தி, ஓர் ஊர் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குப் போதுமானதாயிருந்தது. நாவலின் மையச் சிக்கலும் அதுவே.

சந்திரப்பூர் என்னும் கற்பனை நகரில் டாக்டர் அசீஸ் என்னும் இளம் முஸ்லிம் மருத்துவர் வாழ்கிறார். அந்நகரின் ஆங்கில நீதிபதி ரோனியை மணப்பதா வேண்டாமா என முடிவு செய்வதற்காக அடெலா குவெஸ்டட் என்னும் பெண், ரோனியின் தாயாகிய திருமதி மூருடன் இங்கிலாந்திலிருந்து வருகிறாள். அசீஸ் அவ்விருவரையும் மராபார் மலைக்குகைகளைக் காண அழைத்துச் செல்கிறார். முதற்குகையிலேயே கூட்ட நெரிசலும் எதிரொலியும் தாங்காமல் திருமதி மூர் வெளியேறி அமர்ந்துவிடுகிறார். அசீசும் அடெலாவும், அவ்வூர் வழிகாட்டி ஒருவனும் மட்டும் மேலே ஏறுகின்றனர். காதலின்றி ஒருவனை மணக்கப்போகிறோமே என்னும் எண்ணம் அடெலாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்த நினைவிலேயே, அசீசுக்கு மனைவி ஒருத்தியா பலரா என்று கேட்டுவிடுகிறாள். உள்ளம் புண்பட்ட அசீஸ், தம் குழப்பத்தை மறைக்க ஒரு குகைக்குள் நுழைகிறார். அடெலாவும் வேறொரு குகைக்குள் நுழைகிறாள். அவ்வளவில் இயல் முடிகிறது. அடுத்த இயலில் கதை அசீசைப் பின்தொடர்கிறது. அடெலாவின் குகைக்குள் செல்லவேயில்லை. பிறகு வாசகர் அறிவதெல்லாம், அவள் மலைச்சரிவில் இறங்கி ஓடினாள் என்பதும், அசீஸ் தன்னைத் தாக்க முயன்றதாகக் குற்றஞ்சாட்டினாள் என்பதும், நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றபோது அக்குற்றச்சாட்டைத் தானே திரும்பப் பெற்றாள் என்பதுமே.

குகைக்குள் நடந்தது என்ன? நாவல் சொல்லவில்லை. ஆசிரியருக்குச் சொல்லத் தெரியாமலோ சொல்ல மறந்தோ விடுபட்ட செய்தி அன்று இது. நாவலின் கையெழுத்துப் படிகள் 1978இல் நூலாக வெளிவந்தன. முதற்படிகளில் குகைக்குள் நிகழும் தாக்குதலை ஃபார்ஸ்டர் நேரடியாகவே எழுதியிருந்தார் என்பதை அந்நூல் காட்டுகிறது. எழுதிய காட்சியை அவரே நீக்கினார். குகைக்குள் நடந்தது தமக்கே தெரியாது என்று நண்பர் ஒருவருக்கு மடலும் எழுதினார். எனவே, இம்மயக்கம் செதுக்கி உண்டாக்கப்பட்டது. நன்னூலார் கண்டித்தது சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவனின் தடுமாற்றத்தை. இதுவோ, தெளிவாக எழுதியதை அழித்தவனின் துணிவு.

இத்துணிவின் அளவை உணர்வதற்கு, அதே காலத்தில் மலாயாவைக் களமாகக் கொண்டு எழுதப்பட்ட மற்றொரு கதையை அருகில் வைத்து நோக்கலாம். சாமர்செட் மாம் எழுதிய ‘தி லெட்டர்’ என்னும் கதை 1926இல் வெளிவந்த ‘தி காஷுவரினா ட்ரீ’ தொகுதியில் உள்ளது. ரப்பர்த் தோட்டத் துரை ஒருவரின் மனைவி, தன்னைக் கெடுக்க வந்தான் என்று கூறி ஓர் ஆங்கிலேயனைச் சுட்டுக் கொல்கிறாள். 1911இல் கோலாலம்பூரை உலுக்கிய ஒரு கொலை வழக்கே இக்கதைக்கு அடிப்படை. இங்கும் ஒரு பெண்ணின் குற்றச்சாட்டு, இங்கும் ஒரு நீதிமன்றம், இங்கும் கண்ணால் கண்ட சாட்சியில்லாத ஒரு நிகழ்ச்சி. ஆனால், மாம் ஒரு கடிதத்தைக் கொண்டுவருகிறார். கடிதம் வெளிப்பட்டவுடன் கொலையின் காரணம் விளங்குகிறது. இறுதியில் அவளே தன் வழக்கறிஞரிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறாள். கதை கச்சிதமாக மூடிக்கொள்கிறது. வாசகரும் நிறைவோடு நூலை மூடுகிறார். மாமின் கைத்திறன் பெரிது; அதனை மறுப்பதற்கில்லை. எனினும் அக்கதையில் உண்மை என்பது எங்கோ ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்ட பொருள். பணம் கொடுத்தால் அதனை வாங்கிவிடலாம். ஃபார்ஸ்டரின் உலகில் அத்தகைய கடிதம் ஏதுமில்லை.

கடிதம் இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது? ஒவ்வொருவரும் தம் உள்ளத்திலிருந்தே ஒரு கடிதத்தை எழுதிக்கொள்கின்றனர். காவல்துறை அதிகாரி மெக்பிரைடுக்கு ஐயமே இல்லை. 30ஆம் பாகை அட்சக்கோட்டிற்குத் தெற்கே வாழ்வோர் இயல்பிலேயே குற்றம் புரியும் நாட்டமுடையவர் என்பது அவருடைய கோட்பாடு. அந்தக் கணக்கின்படி, 5ஆம் பாகைக்கும் தெற்கே உள்ள ஈப்போவில் வாழ்வோர் கதி என்னவோ! அவரே கராச்சியில் பிறந்தவர் என்பதையும் ஃபார்ஸ்டர் சிரிக்காமல் குறிப்பிட்டுச் செல்கிறார். ஆங்கிலேயர் சங்கத்தில் கூடும் துரைமார்களும் துரைசானிகளும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். இந்தியத் தரப்பினரும் தமக்கேற்ற உறுதியோடு கொதித்தெழுகின்றனர். கல்லூரி முதல்வர் ஃபீல்டிங் ஒருவரே விளக்கம் நான்கு வகையில் இருக்கக்கூடும் என எண்ணிப் பார்க்கிறார். அசீஸ் செய்திருக்கலாம், அடெலா பொய் சொல்லியிருக்கலாம், மனமயக்கமாக இருக்கலாம், வேறொருவன் செய்திருக்கலாம். பேராசிரியர் காட்போலே என்னும் அந்தணரிடம் கேட்டால், தீமை நிகழும்போது அதனை எல்லாருமே செய்கின்றனர் என்று விடை வருகிறது. வழக்கறிஞர் ஒருவருக்கும் பயன்படாத விடை அது! ஆக, குகை வெறுமையாக இருப்பதால் அதனுள் எட்டிப் பார்ப்பவர் முகமே தெரிகிறது. நடந்தது இன்னதென ஃபார்ஸ்டர் சொல்லியிருந்தால், யார் சரி, யார் தவறு என்று வாசகர் எளிதாகக் கணக்கிட்டிருப்பார். சொல்லாமல் விட்டதால், சான்றில்லாமல் உறுதி கொள்வது எப்படிப்பட்ட செயல் என்பதை வாசகர் தம்மிடமே காண நேர்கிறது. ஆட்சியாளருக்கு ஐயமின்மை ஓர் ஆயுதம் என்பதையும், ஐயுறும் ஆற்றலே நீதியின் முதற்படி என்பதையும் கதையின் அமைப்பே உணர்த்திவிடுகிறது.

இம்மையக் காட்சிக்கு வாசகரை ஆயத்தப்படுத்துவதற்கு முன்னோட்டமாகச் சில சிறு மயக்கங்களை ஃபார்ஸ்டர் ஆங்காங்கே தூவி வைத்துள்ளார். பச்சை நிறப் பறவை ஒன்று மரத்தில் அமர்கிறது. அதன் பெயர் என்னவென்று அறியுமுன் இலைகளுக்குள் மறைகிறது. இரவில் செல்லும் கார் ஏதோ ஒன்றின்மீது மோதுகிறது. விலங்கா ஆவியா என்பது தெரியவில்லை. இவை போவது தெரியாமல் போய்விடும் காட்சிகள். ஆனால், குகைக்குச் செல்லும் வழியில் வரும் ஒரு காட்சியை நின்று நோக்க வேண்டும். யானை மீதிருந்து அடெலா தொலைவில் கருநிறமாக நெளிந்து நிற்கும் ஒன்றைக் கண்டு பாம்பு என்கிறாள். உடன் வந்த கிராமத்தாரும் ஆமென்கின்றனர்; அசீஸ் அதன் நஞ்சைப் பற்றி விரித்துரைக்கிறார். பின்னர்த் தொலைநோக்கியால் நோக்கும்போது அது பாம்பன்று, காய்ந்து முறுக்கிய பனையின் அடிமரம் என்று அவள் காண்கிறாள். அதைச் சொன்னால் கிராமத்தார் ஒப்பவில்லை. அவள் வாயிலிருந்து வந்த முதற்சொல் அவர்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

கயிற்றரவு என்னும் பழைய எடுத்துக்காட்டைச் சமய நூல்களில் பயின்ற தமிழாசிரியர்க்கு இக்காட்சி புதிதன்று. எனினும், வேதாந்தி சுட்டும் மயக்கம் உண்மை அறிந்தவுடன் நீங்குவது. ஃபார்ஸ்டர் சுட்டும் மயக்கமோ உண்மை அறிந்த பின்னும் நீங்காதது. நீதிமன்றத்தில் நிகழப்போவது முழுவதும் இந்தப் பனைமரத்தில் அடங்கியுள்ளது. அசீஸ் குற்றமற்றவர் என்று அடெலாவே சொல்லும்போது ஆங்கிலேயர் அதனை ஏற்க மறுக்கின்றனர். யானையைச் சூழ்ந்து நின்ற கிராமத்தாருக்கும் சங்கத்துத் துரைமார்களுக்கும் அவ்வகையில் வேறுபாடில்லை. தெளிவாகக் காண உதவும் தொலைநோக்கியே பின்னர் வார் அறுந்து குகை வாயிலில் கிடந்து, அசீசுக்கு எதிரான சான்றுப் பொருளாகிறது என்பதையும் கூர்ந்து நோக்குவார் காண்பர்.

இனி, குறியீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. குறியீடு என்றவுடன் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டு, ஒரு சொல்லில் விடை எழுதிக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே உண்டு. குகை என்பது இந்தியா, எதிரொலி என்பது வெறுமை, குளவி என்பது அன்பு, கணக்கு முடிந்தது. வழிகாட்டி நூல்களும் இத்தகைய சமன்பாடுகளை விற்கின்றன. தொல்காப்பியம் பயின்றோர்க்கு இது போதாது என்பது தெரியும். உள்ளுறை உவமத்தில் கருப்பொருள் நிகழ்ச்சியும் மாந்தர் செயலும் உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்கும். வயலில் எருமை தாமரையை மிதித்தால், மிதித்தவன் யார், மிதிபட்டவள் யார் என்று கேட்போர் பொருத்திக்கொள்வர். இறைச்சி அத்தகையதன்று. அது கூறும் பொருளின் புறத்தே நிற்பது. உரையாசிரியர்கள் இவ்விரண்டின் எல்லையைப் பலவாறு வகுத்துள்ளனர். அவ்விவாதம் இங்கு வேண்டுவதன்று. பாலை வழியில் பிடியின் பசியைத் தீர்க்க மரப்பட்டையை உரிக்கும் களிற்றைத் தோழி காட்டுகிறாள். அதனைக் கண்டு தலைவன் மீள்வானா, கண்டும் மேற்செல்வானா, காணவே மாட்டானா? பாட்டு அதனைச் சொல்வதில்லை. களிறு களிறாகவே நிற்கிறது. பொருள் அதனைச் சுற்றி மணம்போல் பரவுகிறது. ஃபார்ஸ்டரின் குறியீடுகளை உள்ளுறையாகப் படிப்போர் ஏமாறுவர். அவை இறைச்சிக்கு நெருங்கியவை.

மராபார் குகைகளின் வருணனையே இதற்குச் சான்று. ஒவ்வொரு குகையும் 8 அடி நீளமும் 5 அடி உயரமும் 3 அடி அகலமும் உடைய ஒரு வாயில்வழி. அதன் முடிவில் சுமார் 20 அடி விட்டமுள்ள வட்ட அறை. சிற்பமில்லை, ஓவியமில்லை, தேன்கூடோ வௌவாலோகூட இல்லை. ஒன்றைக் கண்டவன் எல்லாவற்றையும் கண்டவனாகிறான். சுவர்கள் கண்ணாடிபோல் வழவழப்பானவை. தீக்குச்சியைக் கொளுத்தினால் கல்லுக்குள்ளிருந்து மற்றொரு சுடர் அதனை நோக்கி எழுகிறது. இரண்டும் சேரத் துடிக்கின்றன, சேர முடிவதில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஒரே மந்தமான ஓசையே திரும்பி வருகிறது. பிரார்த்தனையும் வசையும் அங்கு ஒன்றாகிவிடுகின்றன. இதுவே திருமதி மூரின் நம்பிக்கையை உடைக்கிறது. தாம் வாழ்நாள் முழுதும் போற்றிய சமயச் சொற்களும் அந்த ஒரே ஓசையாகத் தேய்ந்துவிடுமோ என்னும் அச்சத்திலிருந்து அவர் மீளவேயில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் கடலிலேயே உயிர் நீக்கிறார்.

கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்த மாணவர்க்குக் குகை என்பது கண்டறியாத பொருளன்று. ஈப்போவைச் சூழ நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும், கோப்பெங்குக்கு அண்மையிலுள்ள குவா தெம்புருங்கும் அவர் கண்டவையே. சாம் போ தோங், பேராக் தோங் குகைகளில் புத்தர் வீற்றிருக்கிறார். தைப்பூசக் காவடிகள் கல்லுமலை முருகனை நோக்கிச் செல்கின்றன. நீர் சொட்டிச் சொட்டி விழுதுபோல் இறங்கிய கற்களும் புகையும் ஊதுவத்தி மணமும் நிறைந்த அக்குகைகளில் எதிரொலி இருந்தாலும் அது வெறுமையின் குரலாகக் கேட்பதில்லை. மணியோசையோடு கலந்து விடுகிறது. இவ்வனுபவத்தோடு மராபார் இயலைப் படிக்கும் பேராக் மாணவர், இலண்டன் மாணவருக்குத் தோன்றாத ஒரு வினாவை எழுப்பக்கூடும்: இக்குகைகளில் ஏன் ஒரு தெய்வமும் இல்லை?

அவ்வினா நேரே இலக்கில் தைக்கிறது. மராபாருக்கு மாதிரியாக அமைந்தவை பீகாரில் கயைக்கு அருகிலுள்ள பராபர் குகைகள். அவை இயற்கைக் குகைகள் அல்ல, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கருங்கல்லைக் குடைந்து மெருகேற்றியவை. அசோகன் அவற்றை ஆசீவகத் துறவியர்க்கு அளித்த செய்தி கல்வெட்டாகவே அங்கு உள்ளது. ஒரு குகையின் வாயிலில் யானைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆசீவகம் தமிழர்க்கு அயலான பெயரன்று. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் உரைக்குமிடத்து ஆசீவகவாதியும் பேசுகிறான். நீலகேசியும் அச்சமயத்தாரோடு வாதிடுகிறது. எல்லாம் ஊழின்படியே நிகழும் என்று நம்பிய மக்கள் மழைக்காலத்தில் ஒதுங்கிய உறைவிடங்கள் அவை. ஃபார்ஸ்டர் 1913இல் பராபருக்குச் சென்று வந்தவர். இருந்தும், நாவலில் அக்கல்வெட்டுமில்லை, அத்துறவியருமில்லை. மனிதன் தோன்றுவதற்கு முன்பே இருந்த, யாருக்கும் உரியதல்லாத வெறுமையாக அவற்றை மாற்றிவிட்டார். குறியீடு ஒன்றைப் படைக்கும்பொருட்டு ஒரு மக்கள் கூட்டத்தின் கையெழுத்து சுவரிலிருந்து துடைக்கப்பட்டுள்ளது. கலைஞனுக்கு இவ்வுரிமை உண்டு. ஆனால், வெறுமை அங்கே இருந்ததா, கொண்டுவந்து வைக்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை வாசகருக்கும் உண்டு.

குளவியைக் குறித்தும் ஒரு சொல். முதற்பகுதியில் திருமதி மூர் தம் மேலாடையை மாட்டச் செல்லும்போது ஆணியில் உறங்கும் குளவியைக் கண்டு அன்போடு பேசுகிறார். இறுதிப் பகுதியில் கோகுலாஷ்டமி விழாவில் தம்மை மறந்து ஆடும் காட்போலேயின் நினைவில், என்றோ கண்ட அம்மூதாட்டியும், எங்கோ கண்ட ஒரு குளவியும் வருகின்றனர். குளவி இருந்த கல்லையும் சேர்த்து நினைக்க முயல்கிறார், முடியவில்லை. இருவருக்கும் பொதுவான இக்குளவியை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இதற்கு விளக்கமும் இல்லை. நாவலின் மிக அழகிய பகுதி இதுவே எனலாம். குகையின் மயக்கம் மனிதரைப் பிரிக்க, குளவியின் மயக்கம் அவர்களைச் சேர்க்கிறது.

இந்நாவலைக் குறை கூறியோரும் உளர். நீரத் சௌதுரி 1954இல் எழுதிய கட்டுரையில், ஆட்சியுரிமை பற்றிய பெரும் அரசியல் சிக்கலைத் தனிமனித நட்பின் சிக்கலாகச் சுருக்கிவிட்டார் என்று ஃபார்ஸ்டரைச் சாடினார். அக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மையில்லை. நாவலின் முடிவில் நட்பே அரசியலால் முறிகிறது. ஆங்கிலேயர் வெளியேறும்வரை நட்பு இயலாது என்று அசீஸ் கூற, குதிரைகள் இரண்டும் வழி பிரிகின்றன. சௌதுரி காணத் தவறிய குறை வேறோரிடத்தில் உள்ளது. அது மயக்கத்தால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பது.

நீதிமன்றக் காட்சியில் விசிறி இழுப்பவன் ஒருவன் வருகிறான். ஏறக்குறைய ஆடையின்றி, மேடைமேல் அமர்ந்து, கயிற்றை இழுத்தும் விட்டும் கொண்டிருக்கிறான். அவன் மேனியழகை ஃபார்ஸ்டர் ஒரு தெய்வச் சிலையை வருணிப்பதுபோல் வருணிக்கிறார். அவனுடைய பற்றற்ற தோற்றமே அடெலாவின் உள்ளத்தை அசைத்து உண்மையின் பக்கம் திருப்புகிறது. வழக்கு முடிந்து, கூச்சல் ஓய்ந்து, அனைவரும் வெளியேறிய பின்னும், ஏதும் நிகழாததுபோல் அவன் காற்றில்லா அறையில் கயிற்றை இழுத்துக்கொண்டேயிருக்கிறான். மிகச் சிறந்த குறியீடு. ஆனால், அவனுக்குப் பெயரில்லை; நாவல் முழுவதிலும் ஒரு சொல்லும் அவன் பேசுவதில்லை. சினுவா அச்செபே 1975இல் ஜோசப் கான்ராடின் நாவலைக் குறித்து ஆற்றிய உரையில், ஆப்பிரிக்க மக்கள் வெள்ளையனின் மனப்போராட்டத்திற்கு வெறும் பின்புலமாக்கப்பட்டதைக் கண்டித்தார். ஃபார்ஸ்டர் கான்ராடைவிட நெஞ்சில் ஈரமுள்ளவர். அசீசுக்கும் ஹமிதுல்லாவுக்கும் காட்போலேக்கும் குரல் தந்தவர். விசிறிக்காரனுக்கோ குரலுக்குப் பதில் அழகைத் தந்தார்.

தோட்டப்புறத்தில் பிறந்த வாசகர் இந்த இடத்தை எளிதில் கடந்து செல்லமாட்டார். துரை பங்களாவில் கயிறு இழுத்தவனும், பெரட்டுக்கு விடியுமுன் வந்து நின்றவனும், கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் பெருகிக் காடாகியபோது அக்காட்டிற்குள் வாளியோடு நுழைந்தவனும் அவனுக்கு உறவினர். அவர்களுக்குக் குரல் தரும் பணியை மலேசியத் தமிழ்ச் சிறுகதையும் நாவலும் மேற்கொண்டன. தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்ற அகிலனும் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். அப்பணி நன்றிக்குரியது. ஆயினும், குறியீட்டைக் கையாளும் முறையில் தோட்டப்புறக் கதைகள் பல உள்ளுறைச் சமன்பாட்டோடு நின்றுவிட்டன. கீறப்படும் மரம் தொழிலாளி. வடியும் பால் குருதி. பட்டுப்போன மரம் முதியவர். முதன்முதலில் எழுதியவன் கையில் அது கண்டுபிடிப்பு. நூறாவது கதையில் அது முத்திரை. பொருள் முன்கூட்டியே தெரிந்துவிட்ட குறியீட்டிற்கு வாசகரிடம் வேலையில்லை.

இத்தனைக்கும், தோட்டத்து வாழ்வில் தீர்க்கப்படாத மயக்கங்களுக்குப் பஞ்சமில்லை. தோட்ட அலுவலகத்தில் கிராணி எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் வழங்கிய பெயர் வேறொன்று. சப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு இட்டுச் செல்லப்பட்டவர்களில் திரும்பாதோர் எங்கு, எந்நாளில் இறந்தனர் என்பது பல குடும்பங்களுக்கு இன்றளவும் தெரியாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அத்துயரத்தைச் சொல்லிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின், லயம் இருந்த இடமும் சிறுகோயில் இருந்த இடமும் இதுவோ அதுவோ என்று முதியோர் கைநீட்டிக் காட்டும் நிலை வந்துள்ளது. இவை உத்திக்காகப் படைத்துக்கொள்ள வேண்டிய மயக்கங்கள் அல்ல. வரலாறே எழுதாமல் விட்ட இயல்கள். ஃபார்ஸ்டருக்கு எழுதியதை நீக்கித்தான் குகையை வெறுமையாக்க வேண்டியிருந்தது. இங்கோ குகை ஏற்கெனவே வெறுமையாக உள்ளது. அதனை ஒரு சமன்பாட்டால் அடைத்துவிடாமல், அதன் வாயிலில் வாசகரை நிறுத்தும் கதைகள் இன்னும் மிகுதியாக வேண்டும்.

இப்பார்வையோடு ஃபார்ஸ்டரிடம் மீண்டால், ஆய்வாளர் பலரும் பொருட்படுத்தாத மற்றொருவன் கண்ணில் படுகிறான். மலைமேல் அசீசோடும் அடெலாவோடும் ஏறிய அந்த வழிகாட்டி. அவனுக்கும் பெயரில்லை. அடெலா எந்தக் குகையில் நுழைந்தாள் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாக் குகைகளும் ஒன்றுபோலவே உள்ளன. அசீஸ் அவனைக் கன்னத்தில் அறைகிறார். அஞ்சிய அவன் ஓடி மறைகிறான். நாவலில் அடித்தவன், அடிபட்டவன் இருவரும் ஐயமின்றித் தெரியும் வன்முறை இது ஒன்றே எனலாம். இதற்கு வழக்கில்லை, கண்டனமில்லை. அவனைத் தேடுவதில் காவல்துறைக்கு அக்கறையிருக்கவில்லை என்று ஃபீல்டிங்கே பின்னர்க் குறிப்பிடுகிறார். அசீஸ் விடுதலையான பிறகு, ஃபீல்டிங்கும் அடெலாவும் இறுதியாக அமர்ந்து பேசுகின்றனர். குகைக்குள் வந்தது யார் என்னும் பேச்சு மீண்டும் எழுகிறது. களைத்துப்போன அடெலா, வழிகாட்டி என்றே வைத்துக்கொள்வோம், எப்படியும் தெரியப்போவதில்லை என்னும் பொருள்படச் சொல்லி முடிக்கிறாள். ஃபீல்டிங் மறுப்பதில்லை. சான்றில்லாமல் அசீஸ்மீது சுமத்திய பழியைத் தன் இனம் முழுவதையும் பகைத்துக்கொண்டு திரும்பப் பெற்ற பெண், அதே பழியை, அதே சான்றின்மையோடு, எதிர்த்து ஒரு சொல் பேச இயலாத ஒருவன்மீது இறக்கி வைக்கிறாள். ஃபார்ஸ்டர் இதனை உணர்ந்து எழுதினாரா, உணராமல் எழுதினாரா என்பதற்கும் நாவலில் விடையில்லை. அசீசுக்காக வழக்குமன்றத்தில் பெரிய வழக்கறிஞர்கள் வந்தனர், ஊரே திரண்டது. கன்னத்தில் அறை வாங்கிய அவன் அந்தப் பாறைகளுக்கிடையே ஓடி எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தான் என்று நாவலில் ஒருவரும் கேட்கவில்லை.